வேகமும் வழியும்: வேதிவினையின் விரைவைத் தீர்மானிப்பவை

1. சிக்கல்

ஹைட்ரஜன் வாயு குளோரின், புரோமின், அயோடின் ஆகிய மூன்றோடும் வினைபுரிகிறது. தாளில் எழுதினால் மூன்று வினைகளும் ஒரே அச்சில் வார்த்தவை போலிருக்கும்: ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறும் ஒரு ஆலசன் மூலக்கூறும் சேர்ந்து இரண்டு ஹைட்ரஜன் ஹாலைடு மூலக்கூறுகளைத் தருகின்றன. நடப்போ முற்றிலும் வேறு. குளோரின் கலவை இருட்டில் அறை வெப்பநிலையில் மாற்றமின்றிக் கிடக்கும். நேரடி வெயில் பட்டால் வெடிக்கும். புரோமின் கலவையை 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால்தான் வேகம் அளக்கத்தக்க அளவை எட்டும். அயோடின் கலவைக்கு இன்னும் கூடுதல் வெப்பம் வேண்டும். அப்போதும் வினை முழுமையடையாமல் சமநிலையில் நின்றுவிடும்.

வினைக்கு முன்னும் பின்னும் உள்ள பொருள்களின் ஆற்றலை ஒப்பிட்டு, அது எத்திசையில் செல்லும், எங்கே நிற்கும் என்பதை வெப்ப இயக்கவியல் சொல்லிவிடும். எவ்வளவு நேரத்தில் என்பதை அதனால் சொல்ல முடியாது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் நீராக மாறுவது ஆற்றல் கணக்கில் மிகச் சாதகமான வினை. ஆனாலும் இரண்டும் கலந்த வாயு, தீப்பொறியோ தகுந்த உலோகப் பரப்போ இல்லாதவரை ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். ஆகவே வேகத்தைத் தீர்மானிப்பது தொடக்கமும் முடிவும் அல்ல, இடைப்பட்ட வழி. இதில் இன்று கருத்து வேறுபாடு இல்லை. அளந்த வேகத்திலிருந்து அந்த வழியை எவ்வளவு உறுதியாக அறிய முடியும் என்பதே கடினமான கேள்வி. வினைவேகவியலின் வரலாற்றைப் பார்த்தால், அத்துறை பலமுறை தன் தரவுகள் அனுமதித்ததைவிடக் கூடுதலான உறுதியோடு பேசியிருக்கிறது.

2. செறிவு

வினைவேகத்தை முதன்முதலில் கணித வடிவில் எழுதியவர் ஜெர்மானியரான லுட்விக் வில்ஹெல்மி. கரும்புச் சர்க்கரைக் கரைசலில் அமிலம் சேர்த்தால் சர்க்கரை குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பிரிகிறது. சர்க்கரைக் கரைசல் முனைவாக்கிய ஒளியை வலப்பக்கம் திருப்பும். விளைபொருள் கலவை இடப்பக்கம் திருப்பும். எனவே கரைசலைத் தொடாமலேயே, ஒளி திரும்பும் கோணத்தைக் கொண்டு வினை எவ்வளவு நடந்திருக்கிறது என்று அளக்கலாம். 1850இல் வில்ஹெல்மி கண்டது இது: எந்தக் கணத்திலும் வினையின் வேகம் அக்கணத்தில் எஞ்சியிருக்கும் சர்க்கரையின் அளவுக்கு நேர்விகிதத்தில் இருக்கிறது. இன்று முதல்வகை வினை எனப்படுவதன் முதல் பதிவு இதுதான். வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் எடுத்துக்காட்டும்வரை அந்தக் கட்டுரை கவனிப்பாரற்றுக் கிடந்தது.

நார்வேயில் குல்ட்பெர்க்கும் வாகேயும் 1864இல் நிறைதாக்க விதியை முன்வைத்தார்கள். வினைபடு பொருள்களின் செறிவு கூடினால் மூலக்கூறுகள் சந்திப்பது கூடும், வேகமும் கூடும் என்பது அதன் சாரம். இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. செறிவு எந்த அடுக்கில் வேகத்தைப் பாதிக்கிறது என்பதைச் சமன்பாட்டின் எண்களைப் பார்த்து எழுதிவிட முடியாது. சோதனையில்தான் அறிய வேண்டும். 1884இல் வெளிவந்த தம் நூலில் வான்ட் ஹாஃப் இதற்கான முறைகளை ஒழுங்குபடுத்தினார். சமன்பாடு என்பது வரவு செலவின் மொத்தக் கணக்கு. வினை அந்த வடிவில் ஒரே அடியாக நடக்கிறது என்று அது சொல்வதில்லை.

3. வெப்பநிலையின் புதிர்

வெப்பநிலை பத்து டிகிரி ஏறினால் வேகம் இரு மடங்காகும் என்று பாடநூல்கள் சொல்கின்றன. தோராயமான விதிதான், என்றாலும் அதற்குள் ஒரு புதிர் இருக்கிறது. வாயு மூலக்கூறுகளின் மோதல் எண்ணிக்கை, தனிவெப்பநிலையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே உயரும். 25 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குச் சென்றால் மோதல்கள் ஏறக்குறைய 1.7 விழுக்காடுதான் கூடும். 1.7 விழுக்காடு கூடுதல் மோதல் எப்படி 100 விழுக்காடு கூடுதல் வேகத்தைத் தரும்?

சர்க்கரை வினையையே எடுத்துக்கொண்டு ஸ்வாந்தே அர்ஹீனியஸ் 1889இல் இதற்கு விடை சொன்னார். எல்லா மூலக்கூறுகளும் வினைபுரிவதில்லை. சாதாரண மூலக்கூறுகளோடு சமநிலையில் இருக்கும் மிகச் சிறுபான்மையான கிளர்வுற்ற மூலக்கூறுகளே வினைபுரிகின்றன. வெப்பநிலை கூடும்போது அந்தச் சிறுபான்மையின் அளவு அடுக்குக்குறி முறையில் பெருகுகிறது. கிளர்வுறுவதற்குத் தேவையான ஆற்றலே கிளர்வு ஆற்றல்.

கணக்கிட்டுப் பார்த்தால் இதன் வலிமை தெரியும். அறை வெப்பநிலையை ஒட்டிப் பத்து டிகிரிக்கு வேகம் இரட்டிக்க வேண்டுமானால் கிளர்வு ஆற்றல் ஒரு மோலுக்குச் சுமார் 53 கிலோஜூல் இருக்க வேண்டும். அந்த வெப்பநிலையில் மூலக்கூறுகளின் வெப்ப ஆற்றலின் அளவுகோல் வெறும் 2.5 கிலோஜூல். 53 கிலோஜூலைத் தாண்டுவது ஏறக்குறைய இருநூறு கோடி மோதல்களில் ஒன்றுதான். பத்து டிகிரி ஏற்றினால் அது நூறு கோடியில் ஒன்றாகிறது. மூலக்கூறுகளின் சராசரி ஆற்றல் அதிகம் மாறுவதில்லை. பரவலின் தொலைவிளிம்பில் இருப்பவற்றின் எண்ணிக்கையே இரட்டிக்கிறது.

பாடநூல் விதி ஏன் தோராயமானது என்பதும் இதிலிருந்தே விளங்கும். அர்ஹீனியஸ் ஆய்ந்த சர்க்கரை வினைக்குக் கிளர்வு ஆற்றல் சுமார் 107 கிலோஜூல். அங்கே பத்து டிகிரி ஏற்றம் வேகத்தை ஏறத்தாழ நான்கு மடங்காக்கும். இரட்டிப்பு என்பது 50 கிலோஜூல் அளவிலான கிளர்வு ஆற்றல் கொண்ட வினைகளின் பண்பே ஒழிய இயற்கை விதி அல்ல.

4. அந்த ஆற்றல் எங்கிருந்து வருகிறது?

இரண்டு மூலக்கூறுகள் மோதி வினைபுரிந்தால் ஆற்றல் மோதலிலிருந்து வருகிறது என்று சொல்லிவிடலாம். 1916இல் டிராவுட்ஸும் 1918இல் வில்லியம் லூயிஸும் தனித்தனியே உருவாக்கிய மோதல் கொள்கை அப்படித்தான் சொன்னது. ஆனால் ஒரே மூலக்கூறு தானாக உடையும் வினைகள் உண்டு. அவை முதல்வகை விதியைப் பின்பற்றுகின்றன. வாயுவை நீர்க்கச் செய்தாலும் ஒவ்வொரு மூலக்கூறும் உடையும் வாய்ப்பு மாறுவதில்லை. நீர்க்க நீர்க்க மோதல்கள் குறைந்துகொண்டே போகும்போது மூலக்கூறு எங்கிருந்து ஆற்றல் பெறும்?

ழான் பெரன் 1919இல் தந்த விடை துணிச்சலானது. மோதலுக்கும் வினைக்கும் தொடர்பில்லை. கலத்தின் சுவர்கள் உமிழும் அகச்சிவப்புக் கதிர்களே மூலக்கூறைக் கிளர்விக்கின்றன என்றார் அவர். லூயிஸும் இந்தக் கதிர்வீச்சுக் கருதுகோளின் ஆதரவாளர். அன்றைய தரவுகளை வைத்துப் பார்த்தால் இது மூடத்தனமான கருத்து அல்ல; முதல்வகை விதியை அப்படியே நம்பினால் தர்க்கம் அங்கேதான் கொண்டுபோய் விடும்.

ஃபாரடே கழகம் 1921இல் நடத்திய விவாதத்தில் ஃபிரெடெரிக் லிண்டமன் இதை இரு முனைகளில் மறுத்தார். கதிர்வீச்சுதான் காரணமென்றால், வெயிலில் வைத்த சர்க்கரைக் கரைசல் இருட்டில் வைத்ததைவிடப் பன்மடங்கு வேகமாகப் பிரிய வேண்டும், பிரிவதில்லை. இரண்டாவதாக, புதிரையே கலைக்கும் ஒரு மாற்று விளக்கத்தை முன்வைத்தார். மூலக்கூறு மோதலால்தான் கிளர்வுறுகிறது. ஆனால் கிளர்வுற்ற உடனே உடைவதில்லை. உடைவதற்கு முன் இன்னொரு மோதலில் அந்த ஆற்றலை இழந்துவிடவும் கூடும். அழுத்தம் மிகுந்த நிலையில் கிளர்வுறுதலும் தணிதலும் சமன்பட்டிருப்பதால் கிளர்வுற்றவற்றின் பங்கு மாறாமலிருக்கும். வினையும் முதல்வகையாகத் தோன்றும். அழுத்தத்தைப் போதிய அளவு குறைத்தால் கிளர்விக்கும் மோதல்களே தட்டுப்பாடாகி, வேகமாறிலி (வேகத்துக்கும் செறிவுக்கும் உள்ள விகிதம்) சரியத் தொடங்கும்.

இந்தக் கடைசி வாக்கியமே அவர் வாதத்தின் உயிர், ஏனென்றால் அதைச் சோதித்துப் பார்க்க முடியும். 1920களில் அசோமீத்தேன் வாயுவில் ராம்ஸ்பெர்கர் அந்தச் சரிவைக் கண்டார். மூலக்கூறின் உள்ளதிர்வுகளில் ஆற்றல் எப்படிப் பரவியிருக்கிறது என்பதையும் கணக்கில் எடுத்து ஹின்ஷெல்வுட், ரைஸ், ராம்ஸ்பெர்கர், காசெல் ஆகியோர் கொள்கையைச் செம்மையாக்கினர். கதிர்வீச்சுக் கருதுகோள் மறைந்தது.

அன்றைய விவாதத்தில் முக்கிய எடுத்துக்காட்டாக இருந்த நைட்ரஜன் பென்டாக்சைடின் கதை தனியே கவனிக்கத்தக்கது. 1921இல் டேனியல்ஸும் ஜான்ஸ்டனும் அதன் சிதைவு முதல்வகை விதியைப் பிசகாமல் பின்பற்றுவதை அளந்தனர். ஒற்றை மூலக்கூறு உடைவதற்கு அது இலக்கணமாகவே கொள்ளப்பட்டது. 1947இல் ரிச்சர்ட் ஆக் வேறொரு வழியைக் காட்டினார். மூலக்கூறு முதலில் மீளும் வகையில் இரண்டாகப் பிரிகிறது. பிரிந்த துண்டுகள் பெரும்பாலும் மீண்டும் ஒட்டிக்கொள்கின்றன. எப்போதோ ஒருமுறை அவை தமக்குள் வினைபுரிந்து ஆக்சிஜனைத் தருகின்றன. பல படிகள் கொண்ட இந்த வழியும் அதே முதல்வகை விதியைத்தான் தருகிறது. 26 ஆண்டுகளுக்கு முந்தைய அளவீட்டில் பிழையே இல்லை. அதற்குத் தரப்பட்ட பொருள்தான் மாறியது.

5. மூன்று ஆலசன்கள்

தொடக்கத்தில் சொன்ன மூன்று வினைகளையும் ஆராய்வதில் பெரும் பங்கு மாக்ஸ் போடன்ஸ்டைனுடையது. 1890களில் ஹைட்ரஜனையும் அயோடினையும் கண்ணாடிக் குமிழ்களில் அடைத்து, நிலையான உயர் வெப்பநிலையில் வைத்து, பிறகு விரைந்து குளிர்வித்து உள்ளிருப்பதைப் பகுப்பாய்ந்தார். வேகம் ஹைட்ரஜன் செறிவு, அயோடின் செறிவு இரண்டின் பெருக்கலுக்கு நேர்விகிதத்தில் இருந்தது. இரண்டு மூலக்கூறுகள் மோதி, பிணைப்புகளை மாற்றிக்கொண்டு பிரிகின்றன என்ற படம் இதிலிருந்து இயல்பாக எழுந்தது. லூயிஸ் 1918இல் மோதல் கொள்கையை ஹைட்ரஜன் அயோடைடின் வினைக்குப் பயன்படுத்தியபோது, கணித்த எண்ணும் அளந்த எண்ணும் வியக்கத்தக்க அளவில் பொருந்தின. அரை நூற்றாண்டுக்கு அதுவே இருமூலக்கூறு வினையின் உதாரணம்.

புரோமினுக்கு அதே எளிய விதி வரவில்லை. 1907இல் போடன்ஸ்டைனும் லிண்டும் கண்ட விதியில் புரோமின் செறிவின் வர்க்கமூலம் வந்தது. உண்டாகும் ஹைட்ரஜன் புரோமைடே வினையைத் தடுக்கவும் செய்தது. சிக்கலான இந்த விதிக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் பொருள் கிடைக்கவில்லை. பிறகு 1919, 1920 ஆண்டுகளில் கிறிஸ்டியான்சன், ஹெர்ட்ஸ்ஃபெல்ட், மைக்கேல் போலான்யி ஆகிய மூவரும் தனித்தனியே ஒரே விடைக்கு வந்தனர். புரோமின் மூலக்கூறு முதலில் இரு அணுக்களாகிறது. புரோமின் அணு ஹைட்ரஜன் மூலக்கூறைத் தாக்கி ஒரு ஹைட்ரஜன் அணுவை விடுவிக்கிறது. அந்த அணு இன்னொரு புரோமின் மூலக்கூறைத் தாக்கிப் புதிய புரோமின் அணுவைத் தருகிறது. இது சங்கிலி வினை. வர்க்கமூலம் வந்தது மூலக்கூறு இரண்டாகப் பிரிவதால். தடை வந்தது ஹைட்ரஜன் அணு ஹைட்ரஜன் புரோமைடையும் தாக்கிப் பின்னோக்கிச் செல்வதால். விதியின் ஒவ்வொரு உறுப்பும் ஒரு படியைச் சுட்டியது.

குளோரினிலும் அதே சங்கிலிதான், ஆனால் தடையின்றி ஓடும் சங்கிலி. ஒளியின் ஒற்றைக் குவாண்டம் ஒரு குளோரின் மூலக்கூறை உடைத்தால், அதன் பின்விளைவாகப் பத்து லட்சம் வரையிலான ஹைட்ரஜன் குளோரைடு மூலக்கூறுகள் உண்டாகலாம். குளோரின் அணுவே சங்கிலியைச் சுமக்கிறது என்று நெர்ன்ஸ்ட் 1918இல் விளக்கினார்.

மூன்றுக்கும் இடையிலான வேறுபாட்டின் வேர் எது? ஆலசன் மூலக்கூறின் பிணைப்பு வலிமை என்று முதலில் தோன்றும். ஆனால் அந்த வரிசை எதிர்த்திசையில் இருக்கிறது: குளோரினில் ஒரு மோலுக்குச் சுமார் 243 கிலோஜூல், புரோமினில் 193, அயோடினில் 151. உடைக்க எளிதான அயோடின்தான் மந்தமானது. விடை அடுத்த படியில் இருக்கிறது. ஆலசன் அணு ஹைட்ரஜன் மூலக்கூறைத் தாக்கும்போது 436 கிலோஜூல் பிணைப்பை உடைத்து, புதிய பிணைப்பை உண்டாக்க வேண்டும். புதிய பிணைப்பின் வலிமை குளோரினுக்கு 431, புரோமினுக்கு 366, அயோடினுக்கு 298. ஆக, இந்தப் படியில் குளோரின் அணுவுக்கு வரும் பற்றாக்குறை 5 கிலோஜூல், புரோமினுக்கு 70, அயோடினுக்கு 138. முதலாவதில் சங்கிலி பறக்கிறது, இரண்டாவதில் ஊர்கிறது, மூன்றாவதில் ஏறக்குறைய ஓடுவதே இல்லை. மொத்த வினையின் ஆற்றல் கணக்கு வேகத்தைச் சொல்லாது என்று மேலே கூறப்பட்டது. தனிப்படியின் ஆற்றல் கணக்கோ நிறையவே சொல்கிறது. ஏறும் படியின் தடுப்பு, அது ஏற வேண்டிய உயரத்தைவிடக் குறைவாக இருக்க முடியாது.

அயோடினின் கதை இத்துடன் முடியவில்லை. 1967இல் ஜான் சல்லிவன், வெப்பத்தால் வினை நடவாத குறைந்த வெப்பநிலையில் கலவையை வைத்து, அயோடின் மூலக்கூறை அணுக்களாகப் பிரிக்கும் 578 நானோமீட்டர் மஞ்சள் ஒளியைச் செலுத்தினார். மூலக்கூறுகள் நேரே மோதுவதுதான் வழி என்றால் அணுக்களால் பயன் இருக்கக் கூடாது. ஆனால் வினை நடந்தது. அதன் வேகமாறிலி, உயர் வெப்பநிலையில் ஒளியின்றி அளந்த எண்களோடு, வேகம் வெப்பநிலையோடு மாறுவதைக் காட்டும் ஒரே அர்ஹீனியஸ் கோட்டில் அமர்ந்தது. இரண்டு அயோடின் அணுக்களும் ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறும் சேர்ந்த வழியே இங்கு செயல்படுகிறது என்பது அவர் முடிவு. அயோடின் அணுச் செறிவின் வர்க்கம் மூலக்கூறுச் செறிவுக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், போடன்ஸ்டைனின் விதி அப்படியே நிலைக்கிறது. நேரடி மோதலையும் அணு வழியையும் வேகவிதி வேறுபடுத்திக் காட்டாது. சல்லிவனின் தரவு நேரடி வழியை முற்றாக விலக்கிவிடுகிறதா என்பது பின்னரும் விவாதிக்கப்பட்டது. அந்த விவாதம் நியாயமானது. ஒரு வழிமுறை தரவோடு பொருந்துகிறது என்பதும், மற்ற வழிமுறைகள் பொருந்தவில்லை என்பதும் வெவ்வேறு கூற்றுகள். வேகவியலில் முன்னதைக் காட்டுவது எளிது, பின்னதே கடினம். லூயிஸ் கண்ட அழகிய பொருத்தம் இதற்குச் சான்று.

6. உயரமும் அகலமும்

மோதல் கொள்கை பல வினைகளில் பொருந்தவில்லை. எத்திலீனோடு ஹைட்ரஜன் சேரும் வினையில், போதிய ஆற்றலுள்ள மோதல்களிலும் பத்து லட்சத்தில் ஒன்றிரண்டுதான் பலிக்கின்றன. மாறாக, பொட்டாசியம் அணு புரோமினோடு வினைபுரியும்போது கணித்த மோதல்களைவிடச் சுமார் ஐந்து மடங்கு கூடுதலாக வினை நடக்கிறது. தொலைவிலேயே பொட்டாசியத்தின் எலக்ட்ரான் புரோமினுக்குத் தாவிவிடுவதால் மூலக்கூறு தன் அளவைவிடப் பெரிய இலக்காகிவிடுகிறது.

இதற்கு முறையான சட்டகம் 1935இல் கிடைத்தது. பிரின்ஸ்டனில் ஹென்றி ஐரிங்கும், மான்செஸ்டரில் மெரடித் எவான்ஸும் மைக்கேல் போலான்யியும் அதை உருவாக்கினர். அணுக்களின் இடைத்தொலைவுகளைக் கொண்டு ஆற்றலை வரைந்தால் ஒரு நிலப்பரப்பு கிடைக்கிறது. வினை, ஒரு பள்ளத்தாக்கிலிருந்து இன்னொன்றுக்குக் கணவாய் வழியே செல்வது. எத்தனை பேர் கடப்பார்கள் என்பதைக் கணவாயின் உயரம் மட்டும் தீர்மானிப்பதில்லை; அகலமும் தீர்மானிக்கிறது. மூலக்கூறுகள் மிகத் துல்லியமாக ஒருங்கமைந்தால்தான் கடக்க முடியும் என்ற நிலையில் கணவாய் குறுகல். அகலத்தின் அளவே கிளர்வு என்ட்ரோப்பி. எத்திலீன் வினை மந்தமாக இருப்பதில் இந்தக் குறுகலுக்குப் பெரும் பங்குண்டு. கிளர்வு ஆற்றலை மட்டும் பட்டியலிட்டு வினைகளின் வேகத்தை ஒப்பிடும் வழக்கம் பாதி உண்மையையே தருகிறது.

7. வினையூக்கி

வினையூக்கி தடுப்பைக் குறைக்கிறது என்ற வழக்கமான விளக்கம் தவறில்லை, ஆனால் போதாது. அது பழைய வழியின் தடுப்பைத் தேய்ப்பதில்லை. வேறொரு வழியைத் திறக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு தானே சிதைவதற்குக் கிளர்வு ஆற்றல் சுமார் 76 கிலோஜூல். அயோடைடு அயனி சேர்ந்தால் 57. மற்றவை சமமெனக் கொண்டால், இந்த 19 கிலோஜூல் வேறுபாடு அறை வெப்பநிலையில் வேகத்தை ஏறக்குறைய 2,000 மடங்காக்கும். நொதிகளின் ஆற்றல் இதைவிடப் பன்மடங்கு பெரிது. நியூக்ளிக் அமிலக் கூறுகள் உருவாவதில் பங்கேற்கும் ஒரு கார்பாக்சில் நீக்க வினை, நொதியின்றி நடந்தால் அதன் அரைவாழ்காலம் 7.8 கோடி ஆண்டுகள் என 1995இல் ராட்சிக்காவும் வுல்ஃபெண்டனும் மதிப்பிட்டனர். உயிரணுவில் அதுவே ஒரு வினாடிக்குள் முடிகிறது.

தொழில்துறையில் அம்மோனியா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நைட்ரஜன் மூலக்கூறின் பிணைப்பு 945 கிலோஜூல். சமநிலை குறைந்த வெப்பநிலையில்தான் அம்மோனியாவுக்குச் சாதகம். ஆனால் அங்கே வேகம் இல்லை. எனவே இரும்பு வினையூக்கியோடு 400 முதல் 500 டிகிரி வரையிலும் உயர் அழுத்தத்திலும் ஆலைகள் இயங்குகின்றன. வினையூக்கி சமநிலையை நகர்த்தாது, விரைவில் எட்டவைக்கும். ஆலைகள் இயங்கத் தொடங்கிப் பல பத்தாண்டுகளுக்குப் பிறகே, தூய இரும்புப் படிகப் பரப்பில் கெர்ஹார்ட் எர்ட்ல் செய்த ஆய்வுகள், நைட்ரஜன் அணுக்களாகப் பிளந்து பரப்பில் ஒட்டும் படியே வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது என்று நிறுவின.

8. விதி பிறழும் இடங்கள்

வெப்பநிலை கூடினால் வேகம் கூடும் என்பதற்கும் விலக்கு உண்டு. நைட்ரிக் ஆக்சைடு ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் டைஆக்சைடாகும் வினை, சூடு ஏற ஏற மந்தமாகிறது. அதற்கு முன்னோடியாக அமையும் தளர்வான இணைமூலக்கூறு வெப்பத்தில் பிரிந்துவிடுவதே காரணம் என்று விளக்குகிறார்கள். அளந்த கிளர்வு ஆற்றல் இங்கே எதிர்க்குறி பெறுகிறது. எதிர்க்குறி உயரமுள்ள கணவாய் என்று ஒன்று இருக்க முடியாது. ஆகவே அந்த எண் ஒரு தனித் தடுப்பின் உயரம் அல்ல. பல படிகளின் கூட்டு விளைவு.

கரைசலில் இன்னொரு எல்லை வருகிறது. தடுப்பே இல்லாத வினையும் மூலக்கூறுகள் நீரினூடே ஊர்ந்து சந்திக்கும் வேகத்தை மிஞ்ச முடியாது. மான்ஃப்ரெட் ஐகன் வெப்பநிலையைத் திடீரென உயர்த்தியும் மின்புலத்தைச் செலுத்தியும் சமநிலையைக் குலைத்து, அது மீளும் நேரத்தை அளக்கும் முறைகளை வகுத்தார். ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடு அயனியும் சேர்வதே நீரில் அறியப்பட்ட மிக விரைவான வினைகளுள் ஒன்று. தூய நீரில் அந்தச் சமநிலை சுமார் 40 மைக்ரோவினாடியில் மீள்கிறது. மறுமுனையில், மிகக் குறைந்த வெப்பநிலையில் ஹைட்ரஜன் போன்ற இலேசான அணுக்கள் தடுப்பின் மேலேறாமல் குவாண்டம் முறையில் ஊடுருவுகின்றன. அங்கே வேகம் வெப்பநிலையைச் சாராமல் போகிறது.

9. ஆற்றலின் வகை

அர்ஹீனியஸ் முதல் ஐரிங் வரையிலான கொள்கைகள் மூலக்கூறுகள் வெப்பச் சமநிலையில் இருப்பதாகக் கொள்கின்றன. மூலக்கூறுக் கற்றைகளை வெற்றிடத்தில் குறுக்கிட வைத்து ஹெர்ஷ்பாக்கும் லீயும், விளைபொருள் உமிழும் அகச்சிவப்பு ஒளியை ஆராய்ந்து ஜான் போலான்யியும் அந்தக் கட்டுப்பாட்டை விலக்கினர். 1986இல் வேதியியலுக்கான நோபல் பரிசு இம்மூவருக்கும் கிடைத்தது. ஆற்றல் எவ்வளவு என்பதோடு, அது எவ்வடிவில் இருக்கிறது என்பதும் முக்கியம் என்று தெரிந்தது. தடுப்பு வழியின் தொடக்கத்திலேயே வந்தால் மோதும் வேகம் பயன்படும். பிந்தி வந்தால் உடைய வேண்டிய பிணைப்பின் அதிர்வே கூடுதலாக உதவும்.

1990இல் ஃபிளெமிங் கிரிம்மின் குழு இதை நேரடியாகக் காட்டியது. ஒரு பக்கம் சாதாரண ஹைட்ரஜனும் மறுபக்கம் டியூட்டீரியமும் உள்ள நீர் மூலக்கூறை எடுத்து, ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையிலான பிணைப்பை மட்டும் லேசரால் வலுவாக அதிரவைத்து, ஹைட்ரஜன் அணுவோடு வினைபுரியவிட்டனர். அதிரவைத்த பிணைப்பே பெரும்பாலும் உடைந்தது; டியூட்டீரியப் பக்கம் அப்படியே நின்றது. மூலக்கூறு சிறியது, வாயுவின் அடர்த்தி குறைவு, ஆகவே அதிர்வு பரவுமுன் வினை முடிந்தது. பெரிய மூலக்கூறுகளிலும் நீர்மங்களிலும் அத்தகைய அதிர்வு பெரும்பாலும் பிக்கோவினாடிகளுக்குள் எங்கும் பரவிவிடுகிறது. அங்கே வேகத்தைக் கணிக்க வெப்பநிலை என்ற ஒற்றை எண் மீண்டும் போதுமானதாகிறது.